பி.காம், பி.பி.ஏ.வில் படிக்கிற ஃபைனான்ஸ் வேலைக்கு உதவுமா?

கேள்வி: 11 மே 2025, காலை

மகள் ப்ளஸ் டூ காமர்ஸ் முடித்திருக்கிறாள். அக்கவுண்டன்சியில் நல்ல மார்க். ஃபைனான்ஸ்தான் படிப்பேன் என்கிறாள். பி.பி.ஏ.வா, சாதா பி.காம்மா, பி.காம் அக்கவுண்டிங் அண்ட் ஃபைனான்ஸா என்று எங்களுக்கு ஒன்றும் புரியவில்லை. எங்கள் கடைக் கணக்குப் பார்க்கிறவர், "டிகிரியில் சொல்லித்தருகிற ஃபைனான்ஸ் பரீட்சையோடு சரி, வேலையில் ஒன்றுக்கும் ஆகாது" என்று சொல்லிவிட்டார். உண்மையா? வீட்டில் முதல் பட்டதாரி அவள்தான். தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

பதில்: 11 மே, இரவு

உதவும். நானும் பி.காம்தான், அதற்கு மேல் பட்டம் எதுவும் இல்லை. கோவைப் பக்கம் சின்ன மில்களுக்கும் பனியன் கம்பெனிகளுக்கும் பேங்க் லோன் பேப்பர் தயாரிப்பது என் தொழில். மூன்றாம் வருடம் படித்த ஃபைனான்ஷியல் மேனேஜ்மென்ட் பேப்பர் கைகொடுக்காத வாரமே கிடையாது.

ஆனால் உங்கள் கணக்கர் சும்மா சொல்லவில்லை. பாடத்தை நடத்துகிற விதத்தில் பணம் என்ற விஷயமே காணாமல் போய்விடுகிறது. என்பிவி (ஒரு முதலீடு பிற்பாடு தரும் பணத்தின் இன்றைய மதிப்பிலிருந்து, போட்ட பணத்தைக் கழித்தது) கணக்கைப் படிப்படியாக எழுதி முழு மார்க் வாங்கின பையன் என்னிடம் வேலை கேட்டு வருவான். "சரி, விடை 42,000 வந்திருக்கிறது, அந்த மெஷினை வாங்கலாமா?" என்று கேட்டால் பேந்தப் பேந்த விழிப்பான். அதை அவனிடம் யாருமே கேட்டதில்லை. கணக்கு தெரியும், கணக்கு எதற்கு என்று தெரியாது. பிள்ளைகளைக் குறை சொல்ல ஒன்றும் இல்லை, அவர்களுக்கு வந்த வினாத்தாள் அப்படி.

13 மே

பட்டத்தின் பெயரைப் பற்றி நிறையப் பேர் கேட்டிருக்கிறீர்கள்.

பெயரை வைத்து முடிவு செய்ய வேண்டாம். பல்கலைக்கழகத் தளத்தில் பாடத்திட்டம் கிடைக்கும். இறக்கி, மூன்று வருடப் பேப்பர்களையும் ஒரு தாளில் எழுதிப் பாருங்கள். ஃபைனான்ஷியல் அக்கவுண்டிங், கார்ப்பரேட் அக்கவுண்டிங், காஸ்ட், மேனேஜ்மென்ட் அக்கவுண்டிங், வருமான வரி, ஃபைனான்ஷியல் மேனேஜ்மென்ட் இந்த ஆறும் இருந்தால் போதும், பெயர் என்னவாக இருந்தாலும் சேரலாம். பி.பி.ஏ.வில் பெரும்பாலும் அக்கவுண்ட்ஸ் பேப்பர் குறைவு, மார்க்கெட்டிங், எச்.ஆர். அந்த இடத்தைப் பிடித்துக்கொள்ளும். அக்கவுண்ட்ஸ் பலவீனமாக இருந்தால் ஃபைனான்ஸ் நிற்காது. பேலன்ஸ் ஷீட்டில் எந்த வரி எங்கிருந்து வருகிறது என்று தெரியாதவர் ரேஷியோ போட்டு என்ன பயன்?

இன்னும் இரண்டு. 2024-25 முதல் பி.பி.ஏ. படிப்பும் ஏ.ஐ.சி.டி.இ. அனுமதிக்குள் வந்துவிட்டது, சேரும் முன் அந்தக் கல்லூரிக்கு அனுமதி இருக்கிறதா என்று பாருங்கள். பி.காம் சி.ஏ. என்று நம் ஊரில் விளம்பரம் செய்வது கம்ப்யூட்டர் அப்ளிகேஷன். ஆடிட்டர் ஆகிற சி.ஏ. வேறு. வருடா வருடம் யாராவது ஒரு பெற்றோர் இதில் ஏமாந்து வருகிறார்கள்.

சி.ஏ. எண்ணம் இருந்தால் காமர்ஸ் பட்டத்தில் 55 சதவீதம் எடுத்தாலே முதல் கட்டத் தேர்வான ஃபவுண்டேஷன் எழுதாமல் நேரே இரண்டாம் கட்டமான இன்டர்மீடியட்டுக்குப் போகலாம். அங்கேயும் ஃபைனான்ஷியல் மேனேஜ்மென்ட் ஒரு பேப்பரில் பாதி. ஆக, கல்லூரியில் ஒழுங்காகப் படித்தது வீண் போகாது.

18 மே

"நிஜத்தில் எங்கே உதவுகிறது, ஒரு உதாரணம் சொல்லுங்கள்" என்று கேட்டவருக்கு. பெரிய கம்பெனி எல்லாம் வேண்டாம், வாரத் தண்டலை எடுத்துக்கொள்வோம்.

பத்தாயிரம் ரூபாய் தண்டல். முதலிலேயே 1,500 பிடித்துக்கொண்டு 8,500 கையில் தருகிறார்கள். வாரம் ஆயிரம், பத்து வாரம். வட்டி எவ்வளவு? வாங்குகிறவரும் கொடுக்கிறவரும் நூற்றுக்குப் பதினைந்து என்பார்கள். கொஞ்சம் விவரமானவர் 8,500க்கு 1,500, ஆகவே 17.6 என்பார்.

மூன்றாம் வருட மாணவி என்ன செய்ய வேண்டும்? 8,500ஐ 1,000ஆல் வகுத்தால் 8.5. புத்தகத்தின் பின்னால் இருக்கிற ஆனுவிட்டி அட்டவணையில் (தவணை தவறாமல் வரும் ஒரு ரூபாய்களின் மொத்த இன்றைய மதிப்பு) 10ஆவது வரிசைக்குப் போனால், 3 சதவீதத்துக்குக் கீழே 8.530, 4 சதவீதத்துக்குக் கீழே 8.111. நம்முடைய 8.5 மூன்றுக்குச் சற்று மேலே, சுமார் 3.07இல் உட்காருகிறது. இது வாரத்துக்கு! வருடத்துக்கு 52 வாரம். கூட்டு வட்டி போடாமல் வெறுமனே பெருக்கினாலே 160 சதவீதத்தைத் தொடுகிறது.

பதினைந்து எப்படி நூற்றறுபது ஆனது? முதல் காரணம் காலம், பத்து வாரம் என்பது வருடத்தில் ஐந்தில் ஒரு பங்குகூட இல்லை. இரண்டாவது, 8,500 பத்து வாரமும் அவர் கையில் இருப்பதில்லை. ஐந்தாவது வாரம் முடியும்போது 5,000 திரும்பிப் போய்விட்டது. ஆனால் வட்டி முழுத்தொகைக்குப் பிடித்தது பிடித்ததுதான்.

ஐ.ஆர்.ஆர். (போட்ட பணமும் திரும்பி வரும் பணத்தின் இன்றைய மதிப்பும் சமமாகிற வட்டி விகிதம்) என்று வகுப்பில் நடத்துவது இதைத்தான். நான் படித்தபோது அதை 'எக்ஸ் லிமிடெட் கம்பெனி ஒரு இயந்திரம் வாங்க உத்தேசித்துள்ளது' என்று மட்டுமே நடத்தினார்கள். வகுப்பில் பாதிப் பேர் வீட்டில் தண்டல்காரர் வந்து போய்க்கொண்டிருந்தார். இரண்டும் ஒன்று என்று யாராவது ஒரு மணி நேரம் செலவழித்துச் சொல்லியிருக்கலாம்.

19 மே

மேலே சொன்னதற்கு ஒருவர் கோபமாக எழுதியிருக்கிறார்: "160 சதவீதம் என்று சொல்லிப் பூக்காரம்மாவைப் பயமுறுத்துகிறீர்கள். அவர் தண்டல் வாங்கித்தான் இரண்டு பிள்ளைகளைப் படிக்க வைத்தார்."

அவர் சொல்வது சரிதான், இதையும் கணக்கிலேயே காட்டலாம். அந்த அம்மா கோயம்பேட்டில் 8,500க்குச் சரக்கு எடுத்து அன்றே விற்று, செலவு போக நூற்றுக்கு ஐந்து நின்றால் நாளைக்கு 425. வாரத்தில் ஆறு நாள் வியாபாரம் என்றால் 2,550. தவணை 1,000 போக 1,550 வீட்டுக்கு. பணம் தினமும் ஒரு சுற்று வருவதால்தான் இவ்வளவு வட்டியைத் தாங்குகிறது. அதே தண்டலை வாங்கி மிக்ஸி வாங்கினால் தாங்காது.

ஆனால் மழை பிடித்து நான்கு நாள் சந்தை இல்லை என்றால் அந்த வாரம் வருமானம் 850. தவணை அதே ஆயிரம். வருமானம் குறையலாம், தவணை குறையாது. லிவரேஜ் (கடன் வாங்கித் தொழில் செய்வதால் லாபமும் நஷ்டமும் பெருகுவது) பாடம் முழுவதும் இந்த ஒரு வாரத்துக்குள் இருக்கிறது. ஐ.ஆர்.ஆர். மட்டும் போட்டு நிறுத்தினால் பாதிதான் பார்த்தோம் என்று அர்த்தம்.

25 மே

இன்று பேங்க் பேப்பர் ஒன்றைத் தயார் செய்யும்போது தோன்றியது, எழுதிவிடுகிறேன்.

கரன்ட் ரேஷியோ (நடப்புச் சொத்தை நடப்புக் கடனால் வகுத்தது) எவ்வளவு இருக்க வேண்டும்? பி.காம் படித்த யாரையும் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் 2:1 என்பார்கள். பேங்க்கில் கிரெடிட் ஆபீசர் பார்ப்பது 1.33. வேலைக்கு வரும் புதுப் பிள்ளைகள் 1.4 இருக்கிற கம்பெனியைப் பார்த்து, "சார், இது வீக்கான கம்பெனி" என்கிறார்கள். நம் பக்கத்தில் நல்லபடியாக ஓடுகிற மில்கள் பலவற்றுக்கு அதுதான் ரேஷியோ.

அந்த 1.33 வானத்திலிருந்து குதிக்கவில்லை. 1970களில் ரிசர்வ் வங்கி அமைத்த டாண்டன் குழு சொன்ன இரண்டாவது முறையிலிருந்து வந்தது. சரக்கு, வரவேண்டிய பாக்கி எல்லாம் சேர்த்து நடப்புச் சொத்து 100 ரூபாய் என்றால், 25 ரூபாயை முதலாளி நீண்டகாலப் பணத்திலிருந்து போட வேண்டும். மீதி 75தான் சரக்குக் கொடுத்தவர் கடனும் பேங்க் கடனும். நூற்றை எழுபத்தைந்தால் வகுத்தால் 1.33. இப்போது கட்டாய விதியாக இல்லை, ஆனாலும் பேங்க் மேசைகளில் இன்னும் அதுதான் அளவுகோல்.

2:1ஐயும் இதே மாதிரி பிரித்துப் பாருங்கள். 100 ரூபாய் நடப்புச் சொத்தில் 50 ரூபாயை முதலாளியே போடுகிறார். பருத்தி வாங்கி நூல் விற்கிறவரிடம் அவ்வளவு பணம் சும்மா கிடக்குமா? கிடந்தால் இன்னும் கொஞ்சம் நூல் நூற்கும் கதிர் வாங்கிப் போட்டிருப்பார்.

ரேஷியோ எதுவாக இருந்தாலும் "இது யார் பணம்?" என்று கேட்கப் பழகினால் போதும், மனப்பாடம் தேவைப்படாது.

26 மே

நேற்று எழுதியதோடு சேர்க்க வேண்டியது: சின்னத் தொழில்களுக்கு இவ்வளவு விலாவாரியாகப் போவதில்லை. நாயக் குழு முறை என்று ஒன்று உண்டு. அடுத்த வருடம் இவ்வளவு விற்பேன் என்று காட்டுகிற தொகையில் 25 சதவீதம் ஒர்க்கிங் கேப்பிடல் (அன்றாடம் தொழிலைச் சுழற்றும் பணம்) தேவை. அதில் 20ஐ பேங்க் தரும், 5ஐ நாம் போட வேண்டும். ஒரு கோடி விற்பனை என்றால் 20 லட்சம் லிமிட். ஐந்து கோடி வரை லிமிட் கேட்கிறவர்களுக்கு இது.

நம் ஊரில் எத்தனை பேர் இந்தச் சூத்திரத்தில் சி.சி. (கேஷ் கிரெடிட், வேண்டும்போது எடுத்துக் கட்டும் பேங்க் கடன்) லிமிட் வாங்குகிறார்கள்! அப்படியிருந்தும் பல கல்லூரிப் புத்தகங்களில் இதற்கு அரைப் பக்கம்கூட இல்லை. கையில் எவ்வளவு ரொக்கம் வைக்கலாம் என்று சொல்லும் பாமோல் மாடல், மில்லர்-ஓர் மாடல் எல்லாம் இருக்கும். அவை வேண்டாம் என்று சொல்லவில்லை, இதுவும் வேண்டும் என்கிறேன்.

1 ஜூன்

ஸ்டாக் டர்ன்ஓவர் (வருடத்தில் சரக்கு எத்தனை தடவை சுற்றுகிறது) பற்றி ஒரு மாணவர் தனியாகக் கேட்டார். எல்லாருக்கும் பயன்படும்.

புத்தகம் சொல்வது: ஆரம்பச் சரக்கையும் இறுதிச் சரக்கையும் கூட்டி இரண்டால் வகுத்தால் சராசரிச் சரக்கு. இதை அப்படியே ஒரு நூல் மில்லில் போட்டுப் பாருங்கள். வருடத்துக்கு 12 கோடி ரூபாய் பருத்தி ஓடுகிற மில். பருத்தி வரத்து குளிர்காலத்தில்தான் அதிகம், அதனால் மார்ச்சுக்குள் வாங்கி அடுக்கிவிடுவார்கள். போன மார்ச் 31இல் 3.6 கோடிச் சரக்கு, இந்த மார்ச் 31இலும் அதே 3.6 கோடி. சராசரி 3.6, அதால் 12ஐ வகுத்தால் டர்ன்ஓவர் 3.33 தடவை, அதாவது 110 நாள் சரக்கு கிடக்கிறது.

ஆனால் ஆகஸ்ட், செப்டம்பரில் அந்தக் குடோனுக்குப் போனால் பாதிக்கு மேல் காலி. மாதா மாதம் பேங்க்குக்குக் கொடுக்கிற ஸ்டாக் ஸ்டேட்மென்ட்டை எடுத்துச் சராசரி போட்டால் 2 கோடிதான் வரும். அப்போது டர்ன்ஓவர் 6 தடவை, 61 நாள். ஒரே மில், ஒரே வருடம். ஒரு விடை 110, இன்னொன்று 61.

சூத்திரத்தில் தப்பில்லை. இரண்டு முனையும் சரக்கு உச்சத்தில் இருக்கிற ஒரே தேதியில் விழுந்துவிட்டது. எந்தத் தொழில், எந்த மாதம் என்று கேட்காமல் போட்ட ரேஷியோவை நான் நம்புவதில்லை. கல்லூரியில் இருக்கும்போதே அப்பா கடையோ மாமா கடையோ, ஒரு கடையின் பன்னிரண்டு மாதச் சரக்கை எழுதிப் பாருங்கள். பண்டிகைக்கு முன்னால் என்ன ஆகிறது என்பது கண்ணுக்குத் தெரியும்.

4 ஜூன்

"ஃபைனான்ஸ் எடுத்தால் டிரேடிங் சொல்லித்தருவார்களா?"

மாட்டார்கள். அது நல்லதும்கூட. பங்குச்சந்தையைக் கண்காணிக்கிற செபி 2024 செப்டம்பரில் வெளியிட்ட ஆய்வில், மூன்று நிதியாண்டுகளில் ஃப்யூச்சர்ஸ், ஆப்ஷன்ஸில் (பின்னால் விலை ஏறுமா இறங்குமா என்று போடும் ஒப்பந்தங்கள்) இறங்கிய தனிநபர்களில் 93 சதவீதம் பேர் நஷ்டம்; மொத்தம் 1.8 லட்சம் கோடிக்கு மேல். ஹாஸ்டல் ரூமில் ஃபீஸ் பணத்தை வைத்து ஆப்ஷன் வாங்குகிற பிள்ளைகளை நான் பார்த்திருக்கிறேன், மனசு கேட்காமல் எழுதுகிறேன். பங்குச்சந்தையில் உண்மையிலேயே ஆர்வம் இருந்தால் ஒரு கம்பெனியின் ஆண்டறிக்கையை முழுதாகப் படியுங்கள். முக்கியமாக, பின்னால் சின்ன எழுத்தில் இருக்கிற குறிப்புகளை. பங்குச்சந்தை வேலைகளுக்கான என்.ஐ.எஸ்.எம். தேர்வுகளை எழுதலாம். பணம் போட அவசரமே இல்லை.

7 ஜூன்

நேற்று, 2025 ஜூன் 6இல், ரிசர்வ் வங்கி ரெப்போவை (பேங்க்குகளுக்கு அது தரும் கடனின் வட்டி) 6.00இலிருந்து 5.50 ஆக்கிவிட்டது. பிப்ரவரியிலும் ஏப்ரலிலும் கால் கால் சதவீதம் குறைத்ததோடு சேர்த்தால் இந்த வருடம் ஒரு சதவீதம்.

இது ஏன் இங்கே? பாடப்புத்தகக் கணக்கில் 'கடனுக்கான செலவு 12 சதவீதம்' என்று கொடுத்துவிட்டால் அது கடைசி வரி வரை 12தான். நிஜத்தில் சிறு தொழில்களுக்கான மாறும் வட்டிக் கடன்கள் 2019 அக்டோபரிலிருந்து வெளி அளவுகோலோடு கட்டப்பட்டிருக்கின்றன; பெரும்பாலான பேங்க்குகளில் அது ரெப்போதான். 2 கோடி லிமிட் முழுக்கப் பயன்படுத்துகிறவருக்கு அரை சதவீதம் குறைந்தால் வருடத்துக்கு ஒரு லட்சம் மிச்சம். ஒரு ஆளின் சில மாதச் சம்பளம் அது.

இன்னொரு பக்கமும் உண்டு. ஜனவரியில் 'இந்த வட்டிக்கு மெஷின் கட்டாது' என்று மூடி வைத்த புராஜெக்ட் ரிப்போர்ட்டை இப்போது திறந்து திரும்பப் போட வேண்டும். என்பிவி நேற்று நெகட்டிவ், இன்று பாசிட்டிவ் ஆகலாம். வகுப்பெடுக்கிற ஆசிரியர்கள் யாராவது இதைப் படித்தால், பழைய கணக்கு ஒன்றை 12க்கும் 11க்கும் இரண்டு தடவை போடச் சொல்லுங்கள்.

15 ஜூன்

புத்தகக் கணக்குகளில் 'வருமான வரி 50 சதவீதம் எனக் கொள்க' என்று இன்னும் வருகிறது. சுலபமாகப் பாதி போடலாம் என்பதற்காக வைத்தது. ஆனால் அது பிள்ளைகள் மனசில் ஒரு கோணலான படத்தைப் பதித்துவிடுகிறது.

12 சதவீதக் கடன், வரி 50 என்றால் வரிக்குப் பிந்தைய செலவு 6. அடடா, கடன் இவ்வளவு மலிவா! சலுகைகளை விட்டுக்கொடுத்துக் குறைந்த வரி முறையைத் தேர்ந்தெடுத்த கம்பெனிக்கு அடிப்படை வரி 22, சர்சார்ஜும் செஸ்ஸும் சேர்த்து 25.17. அதில் போட்டால் அதே கடனின் செலவு 8.98. ஆறுக்கும் ஒன்பதுக்கும் எவ்வளவு வித்தியாசம்! டபிள்யூ.ஏ.சி.சி. (கடனும் சொந்தப் பணமும் சேர்ந்த மொத்தப் பணத்தின் சராசரிச் செலவு) மாறும், எந்தத் திட்டம் தேறும் என்பதும் மாறும்.

தேய்மானமும் அப்படித்தான். கணக்கில் ஐந்து வருடத்துக்குச் சமமாகப் பிரிப்போம். வரிச் சட்டப்படி பொதுவான இயந்திரங்களுக்கு 15 சதவீதம், அதுவும் குறைந்துகொண்டே வரும் மதிப்பில். ஒரு கோடி மெஷினுக்கு முதல் வருடம் 15 லட்சம், அடுத்த வருடம் 12.75 லட்சம். பரீட்சையில் கேட்டபடி எழுதுங்கள், மார்க் முக்கியம். எழுதி முடித்த பிறகு வீட்டில் எக்செல்லில் நிஜ வரியைப் போட்டு ஒரு தடவை ஓட்டிப் பாருங்கள்.

22 ஜூன்

மேலிருந்து எல்லாவற்றையும் திரும்பப் படித்தேன். தியரி தேவையில்லை என்று நான் சொல்கிற மாதிரி ஒரு தொனி வந்திருக்கிறது. அப்படி இல்லை.

பொருளாதார அறிஞர்கள் மோடிக்லியானி, மில்லர் இருவரும் 1958இல் எழுதியது: வரி, திவால் செலவு எதுவும் இல்லாத சந்தையில், கடன் எவ்வளவு, சொந்தப் பணம் எவ்வளவு என்பதால் கம்பெனியின் மதிப்பு மாறாது. 1963இல் அவர்களே வரியைச் சேர்த்துத் திருத்தினார்கள். பிறகு இருவருக்கும் வெவ்வேறு வருடம் நோபல், 1985இலும் 1990இலும். மாணவனாக இருந்தபோது 'அனுமானங்கள்' என்று தலைப்புப் போட்டு ஏழெட்டு வரி எழுதுவது எனக்குச் சலிப்பாக இருந்தது. இவ்வளவு பொய்யான உலகத்தைப் பற்றி எதற்குப் படிக்க வேண்டும்?

தொழிலுக்கு வந்த பிறகு அந்தப் பட்டியல் வேறு மாதிரி தெரிந்தது. கடன் வாங்கலாமா என்று ஒருவர் கேட்டால் நான் விசாரிக்க வேண்டியது முழுக்க அந்த அனுமானங்களைத்தான். வரி உண்டா? உண்டு. கம்பெனி படுத்தால் செலவு உண்டா? உண்டு, நூல் மில்லில் மெஷினைப் பழைய இரும்பு விலைக்குத்தான் எடுப்பார்கள். முதலாளியும் கம்பெனியும் ஒரே வட்டிக்குக் கடன் வாங்க முடியுமா? முடியாது. அதோடு பேங்க் முதலாளியின் பர்சனல் கியாரண்டியும் வீட்டுப் பத்திரமும் கேட்கும். கம்பெனிக் கடன் என்று பேர், போனால் வீடும் சேர்ந்து போகும். தியரி எந்த இடத்தில் பொருந்தவில்லையோ அந்த இடத்தில்தான் வாடிக்கையாளருக்கு நான் சொல்ல வேண்டிய ஆலோசனை இருக்கிறது.

23 ஜூன்

தமிழ் மீடியத்திலிருந்து வருகிற பிள்ளைகள் இந்தப் படிப்பைச் சமாளிப்பார்களா என்ற கேள்விக்கு: கணக்குப் பகுதியில் சிரமமே இல்லை. தியரியில் முதல் செமஸ்டர் கஷ்டப்படும். சொற்களை மட்டும் ஆங்கிலத்தில் வைத்துக்கொண்டு, விளக்கத்தைத் தமிழில் தனக்குத்தானே வாய்விட்டுச் சொல்லிப் பார்க்கச் சொல்லுங்கள். தமிழில் சொல்லத் தெரிந்தால் புரிந்திருக்கிறது. என்னிடம் வேலை பார்க்கிற பெண்களில் பேங்க் ஆபீசரிடம் தயங்காமல் பேசுகிறவர் தமிழ் மீடியம்தான்.

29 ஜூன்

முதலில் கேள்வி கேட்டவர் மறுபடி வந்திருக்கிறார். மகளுக்கு பி.காம் அக்கவுண்டிங் அண்ட் ஃபைனான்ஸில் இடம் கிடைத்துவிட்டதாம். வாழ்த்துகள்! கல்லூரி திறப்பதற்குள் என்ன வாங்கித் தர வேண்டும் என்று கேட்கிறார்.

லேப்டாப் அவசரமில்லை, இரண்டாம் வருடம் பார்த்துக்கொள்ளலாம். 12 இலக்கம் காட்டுகிற சாதாரணக் கடைக் கால்குலேட்டர் ஒன்று, ஜி.டி. (கிராண்ட் டோட்டல்) பட்டன் இருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள். அதில் 1 ÷ 1.1 அடித்து = பட்டனை ஐந்து தடவை அழுத்தச் சொல்லுங்கள். 0.909, 0.826, 0.751, 0.683, 0.621 என்று 10 சதவீதத்துக்கான ஐந்து வருடத் தள்ளுபடிக் காரணிகள் (பின்னால் வரும் ஒரு ரூபாயின் இன்றைய மதிப்பு) வரிசையாக வரும். அப்புறம் ஜி.டி. அழுத்தினால் அவற்றின் கூட்டு, 3.791. அட்டவணையே வேண்டாம். சில மாடலில் 1.1 ÷ ÷ 1 என்று அடித்துவிட்டு = அழுத்த வேண்டியிருக்கும்; கடையிலேயே போட்டுப் பார்த்து வாங்குங்கள்.